எங்கள் வீட்டு யாகினிகு விருந்து



தோக்கியோ நகரை அடுத்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நாங்கள் குடியேறி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அடுத்த வீட்டில் இருப்போர் வயது முதிர்ந்த ஜப்பானியத் தம்பதியர். நாங்கள் வந்த முதல் வாரத்திலேயே, குப்பையை எந்தக் கிழமையில் எவ்வாறு பிரித்து வைக்க வேண்டும் என்று கற்றுத் தந்தவர்கள் அவர்கள்தாம். எங்கள் மகன் அந்த அம்மையாரை 'ஒபாச்சான்', அதாவது பாட்டி என்றே அழைக்கிறான்.

அவர்கள் எங்களை மூன்று முறை 'யாகினிகு' உண்ண அழைத்தார்கள். மெல்லியதாக அரிந்த இறைச்சியை மேசை நடுவில் உள்ள அடுப்பில் அவரவரே சுட்டு, 'தாரே' என்னும் சாற்றில் தோய்த்து உண்ணும் விருந்து அது. மூன்று முறையும் நாங்கள் மறுத்தோம். முதன்முறை அலுவலக வேலை என்றோம். இரண்டாம் முறை மகனுக்குக் காய்ச்சல் என்றோம். மூன்றாம் முறை என்ன சொன்னோம் என்பது எங்களுக்கே நினைவில்லை. இறைச்சி ஹலாலானதன்று என்பதே உண்மைக் காரணம். அதைச் சொன்னால் அவர்கள் மனம் நோகும் என்று நாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டோம்.

ஒருநாள் மகன் கேட்டான்: "வாப்பா, அன்றைக்கு எனக்குக் காய்ச்சலே இல்லையே. ஒபாச்சானிடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள்?"

எங்களிடம் விடை இல்லை. ஹராமான உணவிலிருந்து நாவைக் காத்துக்கொண்டதாக எண்ணியிருந்தோம். அதே நாவால் பொய் சொல்லியிருந்தோம், அதுவும் பிள்ளையின் காதுபட. குழம்பு வைத்தால் தண்ணீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்கும்படி நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தியதைச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆயினும் நான்கு ஆண்டுகளில் ஒரு கிண்ணம் குழம்புகூட அந்த வீட்டிற்குச் சென்றதில்லை. அன்றிரவே, அவர்களை எங்கள் வீட்டிற்கு யாகினிகு விருந்துக்கு அழைப்பது என்று முடிவெடுத்தோம்.

ஜப்பானில் ஆகஸ்ட் 29ஐ யாகினிகு நாள் என்பர். 8, 2, 9 ஆகிய எண்களை அவர்கள் மொழியில் ஒலித்தால் அந்தச் சொல் ஏறத்தாழ வந்துவிடும் என்பதே காரணம். அந்த நாளையொட்டிய ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தோம். ஷின்-ஓகுபோ பகுதியிலுள்ள ஹலால் கடையொன்றில் ஒரு கிலோ மாட்டிறைச்சியும் அரைக் கிலோ கோழியும் வாங்கினோம். இறைச்சி உறைந்த கட்டியாகக் கிடைத்தது ஒரு வகையில் வசதியே. பாதி உருகிய நிலையில், நாருக்குக் குறுக்காக அரிந்தால்தான் மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்தில் சீராக வரும். கரியடுப்பு மூட்ட எங்களுக்கு ஆசைதான். ஆனால் பால்கனியில் கரி எரிக்கக் குடியிருப்பு விதி இடந்தராது. வீட்டிற்குள் எரித்தால் கார்பன் மோனாக்சைடு உயிருக்கே ஆபத்து. ஆகவே புதிய மின் அடுப்புத் தட்டு ஒன்றை வாங்கினோம். ஹலால் சான்று பெற்ற சோயா சாறு, துருவிய ஆப்பிள், பூண்டு, இஞ்சி, தேன், நல்லெண்ணெய், வறுத்த எள் ஆகியவற்றைக் கொண்டு தாரேயும் தயாரித்தோம்.

மாலை ஐந்து மணிக்கு இருவரும் வந்தார்கள். அம்மையார் அழகிய துணியில் சுற்றிய கண்ணாடிப் புட்டி ஒன்றை இரு கைகளாலும் நீட்டினார். "உங்களுக்குப் பன்றி ஆகாது, மது அருந்தமாட்டீர்கள் என்று உங்கள் மகன் சொன்னான். இதில் இறைச்சி எதுவும் இல்லை. என் மாமியார் கற்றுத் தந்த தாரே" என்றார்.

மகன் உடனே கேட்டுவிட்டான்: "இதில் மிரின் இருக்கிறதா, ஒபாச்சான்?"

"மிரின் இல்லாமல் தாரே உண்டா?" என்று சிரித்தார் அவர்.

மிரின் என்பது அரிசியிலிருந்து எடுக்கப்படும் இனிப்பு மது. அசல் மிரினில் ஏறத்தாழ 14 விழுக்காடு ஆல்கஹால் உண்டு. அவர்களுக்கோ அது குடிக்கும் மதுவன்று. உப்பு, சர்க்கரை போல அடுக்களைப் பொருள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நன்றி சொல்லி வாங்கி வைத்துவிட்டு, அவர்கள் சென்றபின் கொட்டிவிடலாம் என்ற எண்ணம் எழாமலில்லை. அது நான்காவது பொய்யாகியிருக்கும். மகன் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உண்மையைச் சொன்னோம். சமையலில் சேரும் மதுவையும் நாங்கள் தவிர்ப்பதைச் சொன்னோம். அத்தோடு நிற்காமல், முன்பு மூன்று முறை மறுத்ததற்கான காரணத்தையும், அப்போது சொன்னவை பொய் என்பதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டோம்.

அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "உங்களுக்கு எங்களைப் பிடிக்கவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தோம்."

அவர்கள் மனம் நோகக் கூடாது என்றுதானே பொய் சொன்னோம்! அந்தப் பொய்தான் அவர்களை நோகடித்திருக்கிறது. எங்களுக்குத் தலைநிமிர இயலவில்லை.

அவர் புட்டியை மறுபடி துணியில் சுற்றி வாசலருகே வைத்தார். பின்பு அடுக்களைக்கு வந்து எங்கள் தாரேயைச் சுவைத்துப் பார்த்தார். "சுவை சரி, பளபளப்புப் போதாது" என்று கூறி, இன்னும் ஒரு கரண்டி தேன் விட்டுச் சிறு தீயில் சுண்டக் காய்ச்சிக் கொடுத்தார்.

அதன்பின் விருந்து அவர் ஆட்சியில் நடந்தது. உப்பிட்ட இறைச்சியை முதலிலும், சாற்றில் ஊறியதைப் பின்னரும் சுட வேண்டும்; இல்லையேல் தட்டு கருகிவிடும். பச்சை இறைச்சியைத் தொடும் இடுக்கி வேறு, உண்ணும் குச்சி வேறு. அவருடைய கணவரோ வரலாறு சொன்னார். 675ஆம் ஆண்டில் பேரரசர் தென்மு மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றை உண்ணத் தடை விதித்ததையும், 1872இல் பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி உண்டதையும் விவரித்தார். "உண்ணலாகாது என்ற பேச்சு எங்களுக்கும் புதிதன்று. நீங்கள் முன்பே சொல்லியிருக்கலாம்" என்று முடித்தார். மிளகும் இஞ்சி பூண்டும் தடவிய எங்கள் ஊர்க் கோழியை அவர் மூன்று முறை கேட்டு வாங்கி உண்டார்.

மக்ரிப் நேரம் வந்தது. தொழுதுவிட்டு வருகிறோம், நீங்கள் உண்ணுங்கள் என்று கூறி அடுத்த அறைக்குச் சென்றோம். திரும்பி வந்தபோது அடுப்பு அணைந்திருந்தது. இருவரும் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு எங்களுக்காகக் காத்திருந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து அம்மையார் மறுபடி ஒரு புட்டி கொண்டுவந்தார். அதன்மேல் ஒட்டிய தாளில், சேர்த்த பொருள்கள் அனைத்தையும் எங்களால் படிக்க இயலும் எளிய ஹிரகானா எழுத்தில் எழுதியிருந்தார். மிரின் இல்லை. அல்ஹம்துலில்லாஹ்! அன்று எங்கள் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் குழம்பு அந்த வீட்டிற்குச் சென்றது.

சகோதர, சகோதரிகளே! பிற சமயத்தார் அன்போடு அழைக்கும்போது மறுக்க நேர்ந்தால், காரணத்தைப் பணிவோடு சொல்லிவிடுங்கள். பன்றியும் மதுவும் ஆகாது என்று மட்டும் சொன்னால் போதாது. சமையலில் சேரும் மது, பன்றிக் கொழுப்பு, ஜெலட்டின் ஆகியவற்றையும் பெயர் சொல்லி விளக்குங்கள். சொல்லாமல் விட்டால் அவர்கள் அறிய வழியில்லை. இயன்றால் நீங்களே முதலில் அழையுங்கள்.

எங்கள் பொய்களை அல்லாஹ் மன்னிப்பானாக! அண்டை வீட்டாரின் உரிமையைப் பேணுவோராக நம் அனைவரையும் ஆக்குவானாக! ஆமீன்.