நாற்பது சிப்பாய்கள்

போன வருஷம் மே மாதம் ஏற்காட்டில், தலைச்சோலைப் பக்கம் ஒரு நண்பரின் வீட்டில் பத்து நாள் தங்கினேன். அரைகுறையாகக் கிடந்த நாவலை முடிப்பதாக உத்தேசம். கூடவே தங்கை மகனும் வந்து சேர்ந்தான். அவன் பெட்டியில் சட்டைகளைவிடச் சிப்பாய்கள் அதிகம்.

28 மில்லிமீட்டர் உயரம், உலோகத்தில் வார்த்தவை. மேஜைமேல் அணிவகுத்து, பகடை உருட்டி யுத்தம் செய்ய வேண்டும். இந்த மாதிரி விளையாட்டுக்கு எச்.ஜி. வெல்ஸ் 1913-லேயே விதிகள் எழுதிப் புத்தகம் போட்டிருக்கிறார். எழுதாமலிருக்க நாவலாசிரியர்கள் கண்டுபிடிக்காத வழி இல்லை!

பாதிப் பேர் கும்பினிச் சிப்பாய்கள், பாதிப் பேர் திப்புவின் ஆட்கள். 1791-ல் காரன்வாலிஸ் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்த சண்டையை, ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலேயே ஒரு சிநேகிதனுடன் மறுபடி நடத்த ஏற்பாடாம்.

"மூன்று நாளில் நாற்பது பேருக்கு வர்ணமா?"

"ஆகும், மாமா."

ஒவ்வொருவனையும் ஒரு சோடா மூடிமேல் ஒட்டினான். எல்லோருக்கும் வெளிர்சாம்பல் பூச்சு. பிறகு ஒருவனை முடித்து அடுத்தவனிடம் போகவில்லை. நாற்பது பேருக்கும் சட்டை, நாற்பது பேருக்கும் கால்சராய் என்று வரிசையாகப் போனான். அப்புறம் காப்பி டிகாக்ஷன் போல நீர்த்த பழுப்பு வர்ணத்தை மேலே ஓடவிட்டான். அது மடிப்புகளில் போய்த் தேங்கி, மேட்டில் மெலிந்தது. நிழல் தானாக விழுந்துவிட்டது! கடைசியில், தூரிகையைத் துணியில் துடைத்துத் துடைத்து, ஏறக்குறைய உலர்ந்த பிறகு வெளிர்நிறத்தை மேடுகளில் மட்டும் உரசினான். நிழலையும் வெளிச்சத்தையும் ஒரே பூச்சில் தரும் வர்ணத்தை 2019-ல் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் என்ற கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்ததாம்.

"இது ஏமாற்று வேலையடா. கண்ணே எழுதவில்லையே?"

"மூணடி தள்ளி நின்னு பாருங்க, மாமா."

பார்த்தேன். கண்குழியில் தேங்கிய பழுப்பே கண்ணாகத் தெரிந்தது. மதுரைக்கருகே விளாச்சேரியில் கொலு பொம்மை செய்யும் ஒரு வீடு ஞாபகம் வந்தது. அங்கேயும் இப்படித்தான்; ஒருத்தி வரிசையாக முகத்துக்கு நிறம் பூசினால், அடுத்தவள் புடவைக்கு. ஆனால் கண்ணை மட்டும் வீட்டுப் பெரியவர் யாரிடமும் விடமாட்டார். இவனும் கொடி பிடித்த ஒருவனுக்கு மட்டும் மூச்சை அடக்கிக்கொண்டு கண் எழுதினான். அதற்கு அரைமணி.

பாக்கி இருந்தது வார்னிஷ் ஒன்றுதான். கோடை மழை விட்டு மூடுபனி தாழ்வாரத்துக்குள் வந்துகொண்டிருந்தது. "வெயில் வரட்டும் மாமா" என்று சொல்லிவிட்டு அவன் கடைக்குப் போனான். எனக்கோ என் மேஜை வேண்டியிருந்தது. உபகாரமாக இருக்கட்டுமென்று டப்பாவை எடுத்து நாற்பது பேர்மேலும் நானே பீய்ச்சினேன். ஈரக்காற்றில் வார்னிஷ் பூத்துப்போய், எல்லோரும் மாவில் விழுந்தெழுந்தவர்களாக நின்றார்கள்.

அவன் வந்து பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இரவு அவனே பளபளப்பு வார்னிஷ் புட்டியையும் இரண்டு தூரிகைகளையும் கொண்டுவந்து வைத்தான். கதவு ஜன்னல்களைச் சாத்தி, கணப்பு மூட்டி, உட்கார்ந்து தடவினோம். வெண்மை மெல்ல அடங்கி, அடியிலிருந்து சிவப்பு எழும்பியது. மணி இரண்டானபோது முப்பத்தெட்டுப் பேர் பிழைத்துவிட்டார்கள். இருவர் வெள்ளையாகவே நின்றுவிட்டார்கள். இருவரும் என் பங்கில் வந்தவர்கள்.

ஞாயிறு இரவு பெங்களூரிலிருந்து போன் வந்தது. இந்தத் தடவை திப்பு ஜெயித்துவிட்டாராம்.

"அந்த இரண்டு பேரையும் என்ன செய்தாய்?" என்று கேட்டேன்.

"மூடுபனியில வந்த படைன்னு சொல்லி முன்வரிசையில நிறுத்திட்டேன், மாமா."