திருநீறு போட்டுத் துலக்கிய ரூபாய்

அம்பாசமுத்திரத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு கடிகாரக்கடை இருந்தது. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வாசலில்தான் நிற்க வேண்டும். கடைக்காரர் எனக்குச் சொந்தமில்லை, ஆனால் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் மாமா. பள்ளிக்கூடம் விட்டதும் பையோடு அங்கே போய்விடுவேன். கூட்டமில்லாத நேரத்தில் கண்ணில் இடுக்கிய லென்ஸைக் கழற்றி என்னிடம் தருவார். மேசைக்கு அடியிலிருந்து தீப்பெட்டிகள் வெளியே வரும்.

ஒவ்வொரு தீப்பெட்டியிலும் ஒரு காசு. பெட்டிகளை ஐந்து வரிசையாக அடுக்கியிருந்தார். வரிசைகளுக்கு அவரே பெயர் வைத்திருந்தார்: தொடாதது, தொட்டது, புழங்கினது, தேஞ்சது, வழுக்கை. விக்டோரியா ராணியின் முடியெல்லாம் மழுங்கி முகம் மட்டும் நிழலாகத் தெரிந்தால் அது வழுக்கை.

“மேட்டுலதான்டே மொதல்ல தேயும். பள்ளத்தைப் பாக்காத, மேட்டைப் பாரு” என்பார். ராணி காசென்றால் கன்னமும் காதுக்கு மேலே வாரிய முடியும். ஐந்தாம் ஜார்ஜ் காசென்றால் கிரீடம், காது, பிறகு மார்பு அங்கியில் தொங்கும் குட்டி யானை. அந்த யானையைத் தேடுவதுதான் எனக்குப் பிடித்த வேலை. தும்பிக்கையும் காலும் தனித்தனியாகத் தெரிந்தால் மேல் வரிசை, வெறும் புடைப்பாக இருந்தால் கீழ் வரிசை. 1911இல் வந்த முதல் ஜார்ஜ் ரூபாயில் யானையின் தும்பிக்கை குட்டையாக அமைந்துவிட்டது. அதைப் பன்றி என்று ஜனங்கள் சொல்லப்போய், 1912இல் அச்சையே மாற்றினார்கள். மாமா இதைச் சொன்ன அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு யானைக்காக ஒரு சர்க்கார் அச்சை மாற்றியிருக்கிறதே!

தொடாததையும் தொட்டதையும் பிரித்தறிவதுதான் கஷ்டம். இரண்டிலும் யானை முழுசாக இருக்கும். மாமா காசின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, பல்புக்குக் கீழே மெள்ளச் சாய்ப்பார். தொடாத காசில் வெளிச்சம் வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி சுற்றி வரும். அச்சு அழுத்தும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகளை விட்டுப் போகிறது. சுற்றுகிற வெளிச்சம் அந்த வரிகளில் பட்டு வருவது. தொட்ட காசில் மேட்டுக்கு வந்ததும் அது அறுந்துவிடும்.

1981 தீபாவளி லீவில், ஆச்சி தன் மரப்பெட்டியைத் திறந்து சிவப்புப் பட்டுத்துணி முடிச்சு ஒன்றை எனக்குத் தந்தாள். அவள் கல்யாணத்துக்கு மொய்யாக வந்த பணத்தில் செலவழிக்காமல் வைத்த ஒற்றை வெள்ளி ரூபாய். 1918. பின்பக்கம் கீழே தாமரைக்கு அடியில் ஒரு சின்னப் புள்ளி இருந்தது. புள்ளி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா என்று மாமா சொல்லித் தந்திருந்தார். யானை தும்பிக்கையோடு நின்றது. ஆனால் காசு கருத்திருந்தது. ஓரமெல்லாம் நீலமும் பழுப்புமாக ஒரு படலம்.

மாமாவிடம் அழுக்காகக் கொண்டுபோவதா? வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கை எப்படித் துலக்குவார்களோ அப்படியே செய்தேன். திருநீறு எடுத்து ஈரத்துணியில் தொட்டு அரை மணி நேரம் தேய்த்தேன். காசு கண்ணாடிபோல் வந்தது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

மாமா லென்ஸை இடுக்கிப் பார்த்தார். பல்புக்கடியில் சாய்த்தார். திரும்பவும் சாய்த்தார். பிறகு என் கையில் லென்ஸைத் தந்து, “சாச்சுப் பாரு” என்றார். வெளிச்சம் சுற்றவில்லை. நின்ற இடத்திலேயே பளீரென்று நின்றது. ராஜாவின் கன்னத்திலும் வெற்றிடத்திலும் மயிரிழைக் கோடுகள், நான் கையை ஓட்டிய திசையிலேயே.

“யாருலே துலக்கினது?”

நான் பேசவில்லை. அவர் திட்டவும் இல்லை. வெறும் தீப்பெட்டி ஒன்றை எடுத்தார். ஐந்து வரிசையையும் பார்த்தார். எதிலும் வைக்காமல் பெட்டியை என்னிடமே தந்துவிட்டார். “தொடாததா இருந்திருக்கும்டே” என்று மட்டும் சொன்னார்.

அமெரிக்காவில் வில்லியம் ஷெல்டன் என்பவர் பழைய செப்பு சென்ட் காசுகளுக்காக 1949இலேயே 1 முதல் 70 வரை மதிப்பெண் வகுத்திருந்தார் என்பதை வளர்ந்த பிறகு படித்தேன். இன்று உலகெங்கும் தரம் பிரிப்பவர்களில் பலர் அந்த எண்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்த முறையில் ‘குட்’ என்றால் ஏறக்குறைய மாமாவின் வழுக்கை. மாமாவின் சொல்லே நேர்மையானது என்று எனக்குத் தோன்றுகிறது. கடுமையாகத் துலக்கிய காசுக்கு அவர்களும் பொதுவாக எண் தருவதில்லை, ‘துலக்கப்பட்டது’ என்று எழுதி ஒதுக்கிவிடுகிறார்கள். மாமா அன்று செய்ததும் அதுதான்.

ஆச்சியின் ரூபாய் இப்போதும் அதே தீப்பெட்டியில் இருக்கிறது. நாற்பது வருஷத்தில் ஓரத்தில் மறுபடி கருமை ஏறிவிட்டது. கோடுகள் போகவில்லை. உங்கள் வீட்டுப் பெட்டியிலும் அப்படி ஒரு காசு இருந்தால், ஓரத்தைப் பிடித்து எடுங்கள். கருத்திருந்தால் கருத்தபடியே இருக்கட்டும்.