பாயும் பாதையும்

ஏர்லி பீச், சனி இரவு

படகு கைக்கு வந்துவிட்டது. ஒற்றைப் பாய்மரம், இரண்டு பாய், நான்கு பேர் படுக்க இடம், பின்னால் கட்டி இழுத்துப் போக ஒரு ரப்பர் டிங்கி. குயின்ஸ்லாந்தின் இந்தக் கரையில் பாய்ப்படகை வாடகைக்கு எடுக்க உரிமம் கேட்பதில்லை. அதற்குப் பதிலாகப் படகுக்காரர் உட்காரவைத்துப் பாடம் எடுக்கிறார். நங்கூரச் சங்கிலியை எவ்வளவு விட வேண்டும், காற்று கூடினால் பாயை எப்படிச் சுருக்க வேண்டும், வெள்ளை மிதவைகளுக்கு உள்ளே நங்கூரம் ஏன் விழக்கூடாது என்றெல்லாம். உள்ளே இருப்பது பவளம். ஒரு சங்கிலி அரை மணியில் அரைத்துவிடும். காலையும் மாலையும் ரேடியோவில் அழைத்து இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். மாலை 4 மணிக்குள் நங்கூரம் போட்டிருக்க வேண்டும். இரவில் ஓட்டம் கிடையாது.

அந்த 4 மணிக் கட்டளையை நான் வரவேற்கிறேன். விட்சண்டே தீவுகளுக்கு வருபவர்களில் பலர் நாள் முழுக்கப் பாயிலேயே இருந்துவிட்டு, மாலையில் தீவைப் படகின் தட்டிலிருந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இங்கே 74 தீவுகள். பெரும்பாலானவை தேசியப் பூங்கா. ஆள் குடியிருப்பு இல்லை, பாலம் இல்லை, சாலை இல்லை. ஆனால் பாதைகள் இருக்கின்றன. ஹூக், விட்சண்டே, தெற்கு மோல் ஆகிய மூன்று தீவுகளின் நடைபாதைகளையும் அவற்றுக்கு இடைப்பட்ட கடலையும் சேர்த்து ஒரே வழியாக அறிவித்திருக்கிறது குயின்ஸ்லாந்துப் பூங்காத் துறை. ஙாரோ கடல்வழி என்று பெயர். பாதி நீர், பாதி நிலம். அதைத்தான் பின்பற்றப் போகிறோம்.

நாங்கள் நான்கு பேர். நானும் இவரும், எங்களோடு பிரிஸ்பேனில் இருக்கும் யாழ்ப்பாணத்துத் தம்பியும் அவன் மனைவியும். சுக்கான் தம்பியின் கையில். ஓத அட்டவணை அவன் மனைவியின் கையில். மாலையில் படகுத்துறையில் நின்று காற்றை முகத்தில் வாங்கிப் பார்த்தவன் சொன்னான்: “அக்கா, இது எங்கட சோழகம் மாதிரி. ஒரே பக்கத்தால நிண்டு அடிக்கும். நம்பிப் போகலாம்.” ஆகஸ்டில் இங்கே தென்கிழக்குக் காற்று அப்படித்தான். கோடையில் கரையோரம் வரும் பெட்டிச் சொறிமீன்களின் தொல்லையும் இந்த மாதங்களில் குறைவு.

நாரா குடா, ஞாயிறு

காலையில் விட்சண்டே கால்வாயைக் கடந்தோம். காற்று வலப்பக்கம், படகு இடப்பக்கம் சாய்ந்து சீராக ஓடியது. நடுக்கால்வாயில் ஒரு கூனல்முதுகுத் திமிங்கலமும் கன்றும். குளிர்காலத்தில் தென்துருவக் கடலிலிருந்து கன்று ஈன இந்த வெதுவெதுப்பான நீருக்கு வருகின்றன. 300 மீட்டருக்குள் படகு நெருங்கக்கூடாது என்பது இப்பகுதியின் சட்டம். பாதையை மாற்றி விலகிப் போனோம்.

நாரா குடா ஹூக் தீவுக்குள் கத்திபோல் நுழைந்த நீண்ட நீர்க்கீற்று. இரு பக்கமும் செங்குத்துக் காடு. உள்ளே அலையே இல்லை. டிங்கியில் போய்ச் சிப்பி அப்பிய பாறைகளுக்கு நடுவே இருந்த சிறு மணல்திட்டில் இறங்கினோம். அங்கிருந்து ஏறும் படிப்பாதை 200 மீட்டர்கூட இராது. மூச்சு வாங்குகிறது, முடிந்துவிடுகிறது. முடியும் இடத்தில் ஒரு பாறைக் குடை.

குடையின் உள்சுவரில் காவி ஓவியங்கள். வலை பின்னியதுபோல் குறுக்கும் நெடுக்குமான கோடுகள், நீள்வட்டங்கள். இவற்றை வரைந்தவர்கள் ஙாரோ மக்கள். மரப்பட்டைகளைத் தைத்துச் செய்த ஓடங்களில் தீவு தீவாகப் போய் ஆமையும் மீனும் பிடித்து வாழ்ந்த கடலோடிகள். இந்தப் பாறைக் குடையை அகழ்ந்த தொல்லியலாளர் பிரைஸ் பார்க்கர், சுமார் 9000 ஆண்டுகளாக இங்கே மனிதர் தங்கியிருந்ததைக் காட்டினார்.

அந்த எண்ணை வைத்துக் கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டும். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், ஏறத்தாழ 20000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது. அப்போது இவை தீவுகள் அல்ல; கரைச் சமவெளியில் நின்ற குன்றுகள். பனி உருக உருகக் கடல் ஏறியது. சமவெளி மூழ்கியது, குன்றுத் தலைகள் மட்டும் மிஞ்சின. இந்தக் குடையில் முதலில் தீமூட்டியவர்களின் காலத்தில் அந்த ஏற்றம் இன்னும் நின்றிருக்கவில்லை. தாத்தா நடந்து போன பள்ளத்தாக்கைப் பேரன் ஓடத்தில் கடந்திருப்பான். காலையில் நாங்கள் பாய் விரித்து வந்த கால்வாயும் ஒரு காலத்து நடைவழிதான். இந்த நிலத்தைப் படகை மட்டும் வைத்தோ காலை மட்டும் வைத்தோ அறிந்துகொள்ள முடியாது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

1770 ஜூனில் எண்டெவர் கப்பலில் இவ்வழி வந்த ஜேம்ஸ் குக், ஒரு தீவின் கரையில் மனிதர் சிலரையும், பக்கக்கட்டை கட்டிய ஓடம் ஒன்றையும் பார்த்துக் குறித்துவைத்தார். அதுவரை இக்கரையில் பார்த்தவற்றைவிடப் பெரிய ஓடமாக அவருக்குத் தோன்றியது. கால்வாய்க்கு அன்றைய கிறிஸ்தவத் திருநாளின் பெயரை வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த நூற்றாண்டில் குடியேறிகள் வந்தார்கள். மரம் வெட்டுவோர் வந்தார்கள். துப்பாக்கியோடு காவற்படையும் வந்தது. ஙாரோ மக்கள் தங்கள் தீவுகளிலிருந்து துரத்தப்பட்டார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் இருக்கிறார்கள். ஓவியச் சுவரைத் தொடக்கூடாது. அதன் முன்னே மரத்தட்டில் நின்று பார்க்கலாம்.

வெளியே வந்து டிங்கியில் ஏறும்வரை நால்வரும் எதுவும் பேசவில்லை.

சிட் துறை, திங்கள்

மலையேற்ற நாள். விட்சண்டே தீவின் மேற்குப் பக்கம் சிட் துறை. தென்கிழக்குக் காற்றுக்கு முதுகு காட்டிய இடம். ரம்பக்கரை என்று சொல்லத்தக்க சாமில் பீச்சில் இறங்கினோம். 19ஆம் நூற்றாண்டில் இங்கே மரம் அறுக்கும் ஆலை இருந்தது. தீவின் ஹூப் பைன் மரங்கள் பலகையாகிப் போயின. மிஞ்சியவற்றின் சந்ததி இப்போது சரிவெங்கும் நிமிர்ந்து நிற்கிறது.

விட்சண்டே பீக் 437 மீட்டர். போய்வர 5 கிலோமீட்டர்தான், ஆனால் பெரும்பகுதி கற்படி. கீழே ஈரக்காடும் கொடிகளும், மேலே போகப்போகக் குட்டை மரங்களும் வெற்றுப்பாறையும். 2017 மார்ச் இறுதியில் டெபி புயல் இத்தீவுகளைத் தாக்கியபோது காட்டின் இலை முழுக்க உதிர்ந்தது. இன்று நிழல் மறுபடி கூடிவிட்டது. விழுந்து கிடக்கும் பெருமரங்களின் மேல் பாசி.

உச்சியில் பாறை மேல் உட்கார்ந்து கீழே பார்த்தபோதுதான் கடற்படம் கண்ணுக்கு விளங்கியது. வெளிர்பச்சைத் திட்டுகள் பவளம், கருநீலக் கோடு ஆழம், வெண்சுருக்கம் விழுந்த இடத்தில் நீரோட்டமும் காற்றும் மோதுகின்றன. இங்கே ஏற்றநீர் தெற்கே ஓடுகிறது; வற்றுநீர் வடக்கே. காற்றோ தென்கிழக்கிலிருந்து. ஆகவே நீர் ஏறும் நேரத்தில் காற்றும் நீரும் எதிரெதிர். அலை குத்தென்று எழும். தம்பி விரலால் காட்டினான்: “அக்கா, புதன்கிழமை அந்த இடுக்கால வத்து நீரோட போவம். இப்ப பாருங்கோ, எப்பிடிக் கொதிக்குது எண்டு.” கடல் ஓட்டுபவர்கள் மலை ஏற வேண்டியதற்கு இதைவிட நல்ல நியாயம் தேவையில்லை.

இறங்கிய பின் உடம்பெல்லாம் வியர்வை. குளிக்க முடியாது. 2018 செப்டம்பரில் இத்துறையில் இரண்டு பேரைச் சுறா கடித்தது. நவம்பரில் ஒருவர் இறந்தார். கரையில் எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. பார்த்தும் குதிக்க ஆசைப்படுகிறவர்கள் அதை இன்னொரு முறை படிக்கட்டும்.

சிட் துறை, செவ்வாய்

காற்று ஓங்கிவிட்டது. காலை ரேடியோவில் நகர வேண்டாம் என்றார்கள். இருந்த இடத்திலேயே இருந்தோம். சாமில் பீச்சிலிருந்து டுகாங் பீச்சுக்குக் காட்டுக்குள் ஒரு கிலோமீட்டர் பாதை, அதில் போய்வந்தோம். இரவு சோறும் கருவாட்டுக் குழம்பும்.

டங் பே, புதன்

ஹூக் இடுக்கை வற்றுநீரில் கடந்து விட்சண்டே தீவின் கிழக்குப் பக்கம் வந்துசேர்ந்தோம். உலகம் அறிந்த அந்தக் காட்சி, ஹில் இன்லெட்டில் வெண்மணலும் நீலநீரும் சுழித்துக் கலப்பது, இங்கேதான். அதைப் பார்க்கும் மேடைகளுக்குப் போகும் பாதை டங் பேயின் கரையில் தொடங்குகிறது.

இங்கே ஓதம் ஒரு கணக்குப் போடச் சொல்கிறது. சுழிகள் தெளிவாகத் தெரிவது நீர் வற்றியிருக்கும்போது. டிங்கி எளிதாகக் கரையேறுவது நீர் உயர்ந்திருக்கும்போது. வற்றிவிட்டால் கரையை ஒட்டிய பவளத்தட்டு வெளியே தலைகாட்டும், டிங்கி அதில் உட்கார்ந்துவிடும். அமாவாசையும் பௌர்ணமியும் நெருங்கினால் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 3 மீட்டருக்கும் மேல் வித்தியாசம் வரும். தம்பியின் மனைவி அட்டவணையில் கோடு போட்டு வைத்திருந்தாள்: பாதி வற்றியதும் இறங்கு, அடிமட்டத்துக்கு ஒரு மணி முன் திரும்பு.

அப்படியே செய்தோம். மேடையில் நின்றபோது கண் முன்னாலேயே மணல் வெளிப்பட்டது. முதலில் நீருக்கடியில் ஒரு மங்கல் வெளிச்சம், பிறகு வரப்பு, பிறகு வரப்புகளுக்கு நடுவே வாய்க்காலாக நீர் இழுபட்டு நிறம் நிறமாகப் பிரிந்தது. ஒவ்வொரு பத்து நிமிடமும் வேறு உருவம். சுற்றுலாக் கூட்டம் ஒன்று வந்து, வழிகாட்டி கைதட்டி அழைத்ததும் போய்விட்டது. நாங்கள் நின்றோம். தனிப் படகில் வருபவருக்குக் கிடைக்கும் பெரிய வசதி அந்த நேரம்தான்.

வைட்ஹேவன், வியாழன்

7 கிலோமீட்டர் வெண்மணல். 98 விழுக்காடு சிலிக்கா. பட்டப்பகலிலும் காலைச் சுடுவதில்லை, மிதித்தால் கீச்சிடுகிறது. இத்தீவுகளின் பாறை எரிமலைப் பாறை. 10 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. இந்த மணல் அதிலிருந்து உதிர்ந்ததல்ல, வேறெங்கிருந்தோ நீரோட்டம் காலங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்தது என்பது புவியியலாளர் கருத்து.

தென்கோடியிலிருந்து சான்ஸ் பேக்கு 3.6 கிலோமீட்டர் பாதை. படகுகள் இறக்கிவிடும் நூற்றுக்கணக்கானோர் மணலிலேயே இருக்க, இந்தப் பாதையில் எதிர்ப்பட்டவர் இருவர் மட்டுமே. யூகலிப்டஸ் காடு, காய்ந்த புல், பாறை மேல் ஒரு வாலபி. அந்தப் பக்கம் இறங்கினால் அதே வெண்மணலில் சின்னதாக ஒரு குடா, ஆளே இல்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்ததும் ஒரு உடும்பு புதரிலிருந்து வந்து நின்றது. இவர் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். உணவு கொடுத்துப் பழக்கினால் அது மனிதரைத் துரத்தத் தொடங்கும்.

தெற்கு மோல், வெள்ளி

சோல்வே இடுக்கில் நீர் நிற்கும் நேரம் பார்த்து நுழைந்து, பிறகு காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு நாள் பாதிக்குள் தெற்கு மோல் சேர்ந்தோம். மூன்று தீவுகளில் நடப்பதற்கு இதுவே சிறந்தது என்பேன். காடு குறைவு, புல்வெளி அதிகம். ஆகவே எந்தத் திருப்பத்திலும் கடல் தெரிகிறது. ஙாரோ மக்கள் தீயிட்டுப் பேணிய நிலம் இது. சரிவெல்லாம் புல்மரங்கள், கருத்த அடித்தண்டின் மேல் புல் கற்றையும் நடுவில் ஈட்டிபோல் பூங்கதிரும்.

ஜெஃப்ரீஸ் குன்று 194 மீட்டர்; அங்கிருந்து நான்கு திசையும் தெரியும். வடக்கே இன்னொரு முனையின் பெயர் ஸ்பியன் கோப். தென்னாப்பிரிக்காவில் 1900 ஜனவரியில் போர் நடந்த குன்றுக்கும் அதே பெயர். அங்கே காந்தியும், நேட்டாலின் ஒப்பந்தக் கூலிகளான தமிழர் பலரும் இருந்த இந்தியத் தொண்டர் படை காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்தது. இவ்வளவு தள்ளி, ஒரு ஆஸ்திரேலியத் தீவின் உச்சியில் அந்தப் பெயரைப் பார்த்ததும் இவர் பைக்கட்டை இறக்கிவைத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

ஙாரோ மக்கள் கருவிக்குக் கல் எடுத்த இடமும் இத்தீவில்தான். இங்கே உடைத்த கல் மற்றத் தீவுகளிலும் கிடைத்திருக்கிறது. ஓடத்தில் ஏறிப்போன கல். குன்றின் மேலிருந்து பார்த்தால் ஹூக் தீவு வடகிழக்கே தெரிகிறது. நாரா குடாவின் வாயை ஊகித்துக்கொள்ளலாம்.

ஏர்லி பீச், சனி

படகை ஒப்படைத்தாகிவிட்டது. இவ்வழி வர நினைப்பவர்களுக்கு எழுதிவைக்கிறேன். ஜூன் முதல் செப்டம்பருக்குள் வாருங்கள். தேதி குறிக்கும் முன்பே ஓத அட்டவணையை எடுங்கள். நடைகளை அதில் முதலில் குறித்து, பாய் ஓட்டத்தை மிச்ச நேரத்தில் பொருத்துங்கள். நடைபாதைகளில் குடிநீர் கிடையாது. ஆளுக்கு 2 லிட்டராவது சுமந்து போங்கள். பிடிப்புள்ள செருப்போ ஷூவோ அவசியம். கரையேறும் முன் அதன் அடியில் ஒட்டிய மண்ணையும் விதையையும் தேய்த்துக் கழுவிவிடுங்கள், தீவுக்குக் களை வராது. வைட்ஹேவன் மணலில் ஒரு பிடிகூட எடுத்து வராதீர்கள், சட்டப்படி குற்றம். வெண்மணலுக்கு எப்படியும் போவீர்கள். அதற்கு முன், முதல் நாளிலேயே நாரா குடாவின் படியேறிவிடுங்கள்.