டெனாலிக்கு எந்த மாதம் டிக்கெட் எடுப்பது?

ஹீலி, அலாஸ்கா



டெனாலி தேசியப் பூங்காவின் வாசலிலிருந்து காரில் வடக்கே கால் மணி நேரம் போனால் வரும் சிற்றூர் ஹீலி. எந்த மாதம் வந்தால் நல்லது என்று கேட்டால் இங்கே ஆளுக்கொரு பதில் வரும். கரடி பார்க்க வருபவருக்கு ஒரு மாதம், மலையேறுபவருக்கு இன்னொன்று, நாய்வண்டி ஓட்டுபவருக்கு வேறொன்று. வெயிலையும் குளிரையும் மட்டும் பார்த்துத் தேதி குறிப்பவர்கள்தான் ஏமாந்து போகிறார்கள். இந்தக் காட்டில் பருவத்தைத் தீர்மானிப்பவை ஆற்றுத் தண்ணீர், வெளிச்சம், கொசு, அப்புறம் ஒரே ஒரு சாலை.

முதலில் ஆறு. ஹீலியை ஒட்டித்தான் ஸ்டாம்பீட் தடம் பிரிகிறது. 1992 ஏப்ரல் கடைசியில் கிறிஸ்டோபர் மெக்காண்ட்லெஸ் என்ற 24 வயது இளைஞர் இந்த வழியாகக் காட்டுக்குள் நடந்தார். குறுக்கே வந்த டெக்லனிக்கா ஆற்றில் அப்போது தண்ணீர் குறைவு; சிரமமின்றிக் கடந்து, கைவிடப்பட்டுக் கிடந்த பழைய பேருந்து ஒன்றில் தங்கினார். ஜூலை தொடக்கத்தில் ஊர் திரும்பலாம் என்று புறப்பட்டு வந்தால், அதே ஆறு கரைபுரண்டு ஓடிக்கொண்டிருந்தது. பேருந்துக்கே திரும்பிப் போனவர் ஆகஸ்டில் பட்டினியால் இறந்தார். செப்டம்பரில் மூஸ் மான் வேட்டைக்கு ஆட்கள் வந்தபோதுதான் உடல் கிடைத்தது. ஜான் கிராக்கவரின் புத்தகமும் 2007-இல் வந்த படமும் அவரை உலகறியச் செய்தன. அந்தப் பேருந்தைப் பார்க்கப் போன இரண்டு பெண்கள் 2010-இலும் 2019-இலும் இதே ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். கடைசியில் 2020 ஜூனில் ராணுவ ஹெலிகாப்டர் வந்து பேருந்தையே தூக்கிக்கொண்டு போனது.

மழை பெய்தால்தான் ஆறு பெருகும் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பிடிபடாது. இங்குள்ள பெரிய ஆறுகள் பல பனியாற்றில் பிறப்பவை. வானம் பளிச்சென்று வெளுத்து வெயில் அடிக்க அடிக்கத்தான் தண்ணீர் ஏறும். ஒரே நாளுக்குள்கூடக் காலையில் வடிந்து கிடக்கும், பிற்பகலில் உயர்ந்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் விடியற்காலையில் ஆற்றைக் கடப்பது அதனால்தான்.

கோடையில் வழிமறிக்கும் இதே ஆறுகள் குளிர்காலத்தில் நெடுஞ்சாலை ஆகிவிடுகின்றன. சாலை வருவதற்கு முன்பு இங்கே பயணத்துக்கு உகந்த காலம் ஆறு உறைந்திருக்கும் காலம்தான். டெனாலி மலையின் உச்சியை முதலில் தொட்ட ஹட்சன் ஸ்டக் குழு 1913 மார்ச் நடுவில், நாய்வண்டிகளோடு, நெனானாவிலிருந்து கிளம்பியது. ஜூன் 7 அன்று முதலில் உச்சியில் கால் வைத்தவர் இந்த மண்ணின் அதபாஸ்கன் பழங்குடி வழிவந்த வால்டர் ஹார்ப்பர். குழுவிலிருந்த ஹாரி கார்ஸ்டென்ஸ் பிறகு பூங்காவின் முதல் கண்காணிப்பாளர் ஆனார். அவர் தொடங்கி வைத்த நாய்க்கூடம் இன்னும் இருக்கிறது. குளிர்காலக் காவல் சுற்றுக்கு ரேஞ்சர்கள் இப்போதும் நாய்வண்டியில்தான் போகிறார்கள்.

பனி எப்போது உடையும் என்பதை வைத்து ஒரு சூதாட்டமே நடக்கிறது. ஹீலிக்கு வடக்கே சுமார் 90 கிலோமீட்டரில் உள்ள நெனானாவில், உறைந்த டனானா ஆற்றின் மேல் மரச்சட்டம் ஒன்றை நட்டு, அதிலிருந்து கரையிலுள்ள கடிகாரத்துக்குக் கயிறு கட்டுவார்கள். பனி உடைந்து சட்டம் நகர்ந்தால் கடிகாரம் நின்றுவிடும். நாள், மணி, நிமிடம் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னவருக்குப் பணம். 1917-இல் ரயில்பாதை போட வந்த பொறியாளர்கள் 800 டாலர் திரட்டித் தொடங்கிய பந்தயம் இது. 2013-இல் பனி உடைந்தது மே 20. 2019-இல் ஏப்ரல் 14. இடையே ஐந்து வாரத்துக்கு மேல் வித்தியாசம்! "மே மாதம் எப்படி இருக்கும்?" என்று கேட்பவருக்கு உள்ளூர்க்காரர்கள் "எந்த வருஷத்து மே?" என்று திருப்பிக் கேட்டால் கோபிக்கக் கூடாது.

அடுத்தது வெளிச்சமும் கொசுவும். இரண்டும் சேர்ந்தே வரும். ஜூன் 21-ஐ ஒட்டி இங்கே பகல் கிட்டத்தட்ட 21 மணி நேரம். மிச்ச நேரமும் அந்தி வெளிச்சம்தான். டிசம்பரில் பகல் ஐந்து மணி நேரம்கூட இல்லை, குளிர் மைனஸ் 40 வரை போகும். ஜூனில் வருபவர்களுக்கு நடுராத்திரியிலும் நடக்கலாம் என்ற சுகம் உண்டு. ஆனால் ஜூன் நடுவிலிருந்து ஜூலை வரை கொசுவின் ராஜ்ஜியம். நம்மூர்க் கொசு பெரும்பாலும் இருட்டினால் கிளம்பும். இருட்டே இல்லாத ஊரில் அதற்கு நேரம் காலம் ஏது? கரிபு மான்களே கடி தாங்காமல் காற்றடிக்கும் மேடுகளுக்கும் உருகாத பனித்திட்டுகளுக்கும் ஏறிவிடுகின்றன. மாநிலப் பறவை கொசுதான் என்று ஊர்க்காரர்கள் கேலி பேசுவார்கள். (அந்தப் பட்டம் உண்மையில் குளிர்காலத்தில் வெள்ளையாகவும் கோடையில் பழுப்பாகவும் மாறும் வில்லோ டார்மிகனுக்கு உரியது.)

மலையைப் பார்ப்பதற்காகத் தேதி குறிப்பது வீண். 6,190 மீட்டர் உயரத்தில் நிற்கும் டெனாலி தன் மேகத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். கோடையில் வருபவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் தரிசனம். கிடைத்தால் லாபம்.

சாலைக்கு வருவோம். ஏறக்குறைய 24,000 சதுர கிலோமீட்டர் பூங்காவுக்கு ஒரே சாலை, 148 கிலோமீட்டர். சொந்தக் கார் முதல் 24 கிலோமீட்டர் வரைதான், அதற்குமேல் பேருந்து. அந்தப் பேருந்துகள் ஓடுவது மே 20 வாக்கில் தொடங்கிச் செப்டம்பர் நடு வரை மட்டுமே. வாசலருகே உள்ள பெரும்பாலான விடுதிகளும் அதே கணக்கில்தான் திறந்து மூடுகின்றன. போதாததற்கு, பாதி வழியில் பிரெட்டி ராக்ஸ் என்ற இடத்தில் மலைச்சரிவே நழுவுகிறது. நிலத்தடி உறைபனி உருகுவதால் வந்த வினை. 2014-க்கு முன்பு வருடத்துக்குச் சில அங்குலம் நகர்ந்துகொண்டிருந்த சரிவு, 2021-இல் மணிக்கு அரை அங்குலத்துக்கு மேல் நகரத் தொடங்கியது. அந்த ஆகஸ்டில் 43-ஆவது மைலோடு சாலையை மூடி, அந்த இடத்தைத் தாண்டப் பாலம் கட்டும் வேலையில் இறங்கினார்கள். ஆகவே டிக்கெட் எடுப்பதற்கு முன் அந்த வருடம் பேருந்து எதுவரை போகிறது என்று விசாரித்துக்கொள்வது அவசியம்.

இப்போது தமிழ்நாட்டுக் குடும்பங்களின் சிக்கல். நம் பள்ளிகளுக்கு ஏப்ரல் கடைசியிலிருந்து விடுமுறை. அப்போது இங்கே பனியும் சேறும் கலந்து கிடக்கும். செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறை வரும்போது பேருந்து நின்றுபோயிருக்கும். கைக்குச் சிக்குவது மே கடைசிப் பத்து நாள்தான். மோசமான பத்து நாள் அல்ல. தூந்திரப் புல்வெளி பழுப்பாகத்தான் இருக்கும், துளிர் அப்போதுதான் விடும். ஆனால் கரடிகள் குகையை விட்டு வந்திருக்கும், கரிபுவும் மூஸும் கன்று ஈனும் காலம், கொசுவும் முழுப் படையோடு இறங்கியிருக்காது.

பள்ளிக் கவலை இல்லாதவர்கள், குறிப்பாகப் பணி ஓய்வு பெற்றவர்கள், ஆகஸ்ட் கடைசி வாரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கலாம். முழங்கால் உயரக் குட்டை பிர்ச் செடிகளும் புளூபெரி இலைகளும் சிவந்து மலைச்சரிவே குங்குமம் கொட்டியதுபோல் இருக்கும். கரடிகள் தலை நிமிராமல் பழம் மேய்வதால் பேருந்திலிருந்தே நிதானமாகப் பார்க்கலாம். இரவு திரும்பி வந்துவிட்டதால் வானம் தெளிந்தால் வடதுருவ ஒளியும் கிடைக்கும். மழைக்கோட்டு மட்டும் கட்டாயம். ஜூலையும் ஆகஸ்டும்தான் இங்கே மழை அதிகம், பனியோ எந்த மாதத்திலும் விழலாம்.

இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்று இருந்தவரும் உண்டு. சார்லஸ் ஷெல்டன் 1906 கோடையில் இங்கே மலையாடுகளைப் பார்த்துவிட்டுப் போனார். மனம் நிறையவில்லை. 1907 ஆகஸ்டில் திரும்பி வந்து, டொக்லாட் ஆற்றங்கரையில் மரக்குடில் போட்டு, மறு வருடம் ஜூன் வரை தங்கினார். இந்தக் காட்டைப் பூங்காவாக்கிக் காக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. 1917-இல் சட்டமும் ஆனது. பத்து மாதம் விடுப்பு யாருக்குக் கிடைக்கும்? கிடைக்காதவர்கள் முந்தைய டிசம்பரிலேயே பேருந்து இருக்கையைப் பதிவு செய்துகொள்ளட்டும். அமெரிக்க விசாவுக்கு அதற்கும் முன்பே வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
ஹீலியிலிருந்து