சுவரோரம் தங்கிய தீவனம்

சைலோவின் அடி ஷட்டரைத் திறந்தால் எந்தத் தீவனம் முதலில் வெளியே வரும், கண்ணு? அடியில் கிடக்கும் பழசுதான் வரும் என்பாய். ஐம்பது வயதுவரை நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். நாமக்கல் பக்கம் கோழித் தீவன ஆலையில் இருந்தவரை எனக்கு எல்லாமே மூட்டைக் கணக்கு. பிறகு உன் பெரியப்பா அழைத்து டெக்சஸ் போனேன். அங்கே லானோ அருகே ஒரு மேய்ச்சல் பண்ணையில், மான்களுக்குத் தீவனம் நிரப்பும் வேலையில்தான் அந்த நம்பிக்கை உடைந்தது.

ஷட்டர் திறந்ததும் நடுவில் ஒரு குழி விழும். நேற்று மேலே கொட்டியது அந்தக் குழி வழியே சரிந்து முதலில் வெளியேறும். சுவரை ஒட்டிய பழைய தீவனம் அசையாது. கூம்பின் சரிவு போதாத சைலோ எதிலும் இப்படித்தான். அடியில் கையை வைத்துக்கொண்டு, புதுசு புதுசாக ஓடிவருவதைப் பார்த்து மனம் குளிர்ந்து நிற்போம். கெட்டது உள்ளே அப்படியே நிற்கும்.

நம் ஊரில் குதிருக்கும் அடியில்தான் வாய். ஆனாலும் என் ஆத்தா அறுவடைக்கு முன் என்னை அதற்குள் இறக்கிவிடுவாள். மூலை முடுக்கெல்லாம் கூட்டி, சாணம் மெழுகி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் புது நெல் உள்ளே போகும். அது ஏதோ சடங்கு என்றே நினைத்திருந்தேன்.

டெக்சஸில் நிலம் பெரும்பாலும் தனியார் சொத்து. காட்டில் திரியும் வெள்ளைவால் மான்களுக்குப் பண்ணைக்காரர்கள் தீவனம் வைப்பார்கள். வேட்டைக் குத்தகை அவர்களுக்கு ஒரு வருமானம். வேட்டைக் காலத்தில் மக்காச்சோளமே போதும். கோடை வேறு சங்கதி. கொம்பு பிப்ரவரி வாக்கில் உதிர்ந்து மறுபடி முளைத்து, ஆகஸ்ட் செப்டம்பரில் முற்றும். பெட்டை மான்கள் மே, ஜூனில் குட்டி போட்டுப் பால் கொடுக்கும். மக்காச்சோளத்தில் புரதம் எட்டு, ஒன்பது சதவீதம்தான். அது உடலுக்குச் சூடு தரும், பால் சுரக்கப் போதாது. அதனால் அந்த மாதங்களில் 16 முதல் 20 சதவீதம் புரதமுள்ள பெல்லெட் வைப்போம்.

சைலோவிலிருந்து டிரெய்லரில் ஏற்றி, பாறையும் முள்ளுமான பாதையில் ஊர்ந்துபோய், மான்கள் அடிக்குழாயில் வாய் வைத்துத் தின்னும் ஒவ்வொரு ஃபீடரிலும் கொட்ட வேண்டும். ஸ்க்ரூ கன்வேயர் வேகமானது, ஆனால் பெல்லெட்டை உடைத்துத் தூளாக்கும். தூளை மான் தின்னாது; தூள் ஈரம் பட்டால் இறுகிக் குழாயை அடைக்கும். இந்த வேலையில் நான் அதிகம் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: மெதுவாக ஓட்டு, குழாயை நிரப்பியே ஓட்டு. பாதி காலியாகச் சுழலும் ஸ்க்ரூ அதிகம் அரைக்கும்.

2011 கோடை வந்தது. டெக்சஸ் அதுவரை கண்டதில் மிகக் கடுமையான ஓராண்டு வறட்சி. ஓடைகள் வற்றின, ஓக் மரங்கள் நின்றபடியே காய்ந்தன. ஒரு ஃபீடரின் மூடியைத் திறந்து பார்த்தேன், நிறைந்திருந்தது. அடுத்த வாரமும் நிறைந்திருந்தது. சரி, மான்கள் வேறு பக்கம் போயிருக்கும் என்று மேற்கே நகர்ந்துவிட்டேன். மூன்றாம் வாரம்தான் கீழே குனிந்து குழாயைப் பார்த்தேன். முந்தைய ஆண்டு மழையில் நனைந்த பழைய தீவனம் கல்லாக இறுகி வாயை அடைத்திருந்தது. அதன் மேல்தான் புதுசைக் கொட்டியிருந்தேன். சுற்றிலும் மண்ணில் குளம்படிகள். வந்து நின்று, முகர்ந்து, திரும்பிப் போன அடிகள். சின்னக் குளம்புகளும் இருந்தன. அந்த மண்ணை இன்னும் மறக்க முடியவில்லை, கண்ணு. நிறைந்திருந்தது நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டேன். தின்னும் வாய் இருக்கிற இடத்தில் அளவு குறையவில்லையென்றால், ஏதோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

அன்று இரவு உன் சின்னத் தாத்தாவை நினைத்துக்கொண்டேன். வரப்புத் தகராறில் ஒரு வார்த்தை விட்டுவிட்டேன். அப்புறம் எட்டுப் பொங்கலுக்குக் கரும்பும் வேட்டியும் அனுப்பினேன், அவனும் அனுப்பினான். மேலே நிரம்பி வழிந்தது. அடியில் எதுவும் இறங்கவில்லை. மறுநாள் காலை போன் போட்டு, அந்த வரப்புப் பேச்சையே எடுத்தேன். முதல் பத்து நிமிடம் கசப்பாகத்தான் இருந்தது. அதன் பிறகு அவன் அழுதான், நானும்தான்.

ஃபீடரைச் சுரண்டக் கற்றுத்தந்தவர் மெக்சிகோ வழிவந்த ஒரு முதிய வேலையாள். என்னை விடப் பதினைந்து வயது மூத்தவர். நரைத்த என்னையும் ‘மிஹோ’ என்பார். நம் ‘மகனே’தான். ஒருமுறை சைலோவில் சோளம் பாலம் கட்டி நின்றது. மேலே தட்டு போல இறுகி, அடியில் வெற்றிடம். மேலே இறங்கி மிதித்துவிடலாம் என்று ஏணியில் கால் வைத்தேன். சட்டையைப் பிடித்து இழுத்தார். பாலம் உடைந்தால் அரை நிமிடத்துக்குள் ஆள் மூழ்கிவிடுவான். முழங்காலுக்கு மேல் புதைந்தாலே தனியாக மேலே வர முடியாது. இயந்திரத்தை நிறுத்திச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு, வெளியிலிருந்து நீளக் கழியால் குத்தினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்காக அவர் முகம் சுளிக்கவில்லை.

பூஞ்சணம் பற்றிப் பேசினால் அவர் குரல் மாறும். எனக்கு அந்தப் பயம் நாமக்கல்லிலேயே தெரியும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்த பிறகு, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில்தான் பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்லடாக்சின் நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். டெக்சஸில் மான் சோளத்தில் அந்த நஞ்சு நூறு கோடியில் 20 பங்கைத் தாண்டக் கூடாது. மானுக்கு வைக்கும் ஃபீடருக்குக் காட்டு வான்கோழியும் காடையும் வரும். அந்த நஞ்சைத் தாங்கும் சக்தி அவற்றுக்கு மானைவிடக் குறைவு.

லோடு வரும் நாளில் பெரியவர் முதலில் காலி சைலோவின் அடிக் கதவைத் திறந்து, கையை நுழைத்துச் சுவரோரம் ஒரு பிடி எடுப்பார். உள்ளங்கையில் தேய்த்து முகர்வார். மக்கிய வாசனை கொஞ்சம் இருந்தாலும் லாரிக்காரரைக் காத்திருக்கச் சொல்வார். ஒருநாள் அந்த லாரி வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றது. நாங்கள் இருவரும் சுரண்டியதில் அரை வாளிகூடத் தேறவில்லை. பெரியவர் அதைக் குழி தோண்டிப் புதைத்து, மண் தள்ளி மிதித்துவிட்டு, ஓட்டுநரைப் பார்த்துக் கையசைத்தார்.