410 வாட்டும் ஒரு ரிப் சுவிச்சும்

வீடுகளில் புதுசாக வந்த பொருளுக்குத்தான் எப்பவும் முதல் பழி. எங்கள் வாடகை வீட்டில் அந்தப் புதுசு ஒரு கேமிங் கொம்பியூட்டர். திருநெல்வேலியில் ஒரு வீட்டின் பின்பக்கத்தில் நாங்கள் நாலு பேர் இருக்கிறோம். முன்பக்கத்தில் வீட்டுக்கார அன்ரியும் மகனும். கரண்ட் மீற்றர் ஒன்று, மெயின் போர்ட் ஒன்று, பில்லும் ஒன்றுதான். கொம்பியூட்டர் வந்து மூன்றாம் கிழமை ரிப் சுவிச் விழத் தொடங்கியது. அன்ரியின் நாடகமும் எங்கள் கேமும் ஒரே நேரத்தில் நின்றன.

"உந்தப் பெட்டியாலதான் தம்பியவை. அது வரமுதல் இந்த வீட்டில கரண்ட் இப்பிடிப் போனதே இல்லை" என்றா அன்ரி. மகன் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, 750 வாட் என்று எழுதியிருக்கு, அதுதான் பில்லும் கூடுது என்றார். மாசம் தனியாக 4000 ரூபாய் தரவேணும், இல்லாட்டி பெட்டியை ஊருக்கு அனுப்பவேணும் என்று பேச்சு வந்தது. பெட்டியின் சொந்தக்காரன் எங்களில் ஒருவன். இரவில் கேம் விளையாடுவான், பகலில் அதே பெட்டியில் கலியாண வீடியோ எடிட் பண்ணி வீட்டுக்குக் காசு அனுப்புவான். அவனுக்கு அது விளையாட்டுச் சாமான் மட்டும் இல்லை.

கோபப்பட்டுக் கத்துவதை விட அளந்து பார்ப்பது சுகம் என்று முடிவெடுத்தோம். சுவரில் செருகி, அதற்குள் பிளக்கைச் செருகும் சின்னப் பவர் மீற்றர் ஒன்றை நாலு பேரும் காசு போட்டு வாங்கினோம். கொம்பியூட்டரும் மொனிற்றரும் சேர்ந்து எவ்வளவு இழுக்குது என்று ஒரு கொப்பியில் எழுதினோம். சும்மா திரை எரியும்போது 70 வாட். எடிட்டிங் நேரம் 150 இலிருந்து 200. வீடியோவை எக்ஸ்போர்ட் பண்ணும்போது 260. பெரிய கேம் ஓடும்போது 390, உச்சத்தில் 410. அணைத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றாமல் விட்டால் 3 வாட்.

அப்ப 750 என்றது என்ன? அது பவர் சப்ளையால் அதிகபட்சம் கொடுக்கக்கூடிய அளவு. கிணத்தடியில் பெரிய வாளி இருக்கு என்றதுக்காக ஒவ்வொரு முறையும் நிறைய அள்ளிக் குளிக்கிறோமா? உள்ளே இருக்கிற கிராபிக்ஸ் கார்டும் புரொசஸரும் கேட்கிற அளவைத்தான் அது சுவரில் இருந்து இழுக்கும், அதோடு மாற்றும்போது வெப்பமாகப் போகிற கொஞ்சமும் சேரும்.

மீற்றர் சரியாகக் காட்டுதா என்றும் பார்க்கவேணும். வீட்டு மீற்றரில் ஒரு சின்னச் சிவப்பு லைற் மின்னும். எங்கள் மீற்றரில் 1600 முறை மின்னினால் ஒரு யூனிட் என்று எழுதியிருக்கு. அன்ரியிடம் கேட்டு, மற்ற எல்லாவற்றையும் 5 நிமிசம் அணைத்து, கேமை மட்டும் ஓடவிட்டு எண்ணினோம். 54 முறை மின்னியது. 54 ஐ 1600 ஆல் பிரித்து 12 ஆல் பெருக்கினால் 0.405 கிலோவாட். சுவர் மீற்றரோடு ஒத்துவந்தது. இதுக்கு ஒரு சதமும் தேவையில்லை, போனில் இருக்கிற ஸ்ரொப்வோச் போதும்.

அடுத்தது பிரேக்கர். இங்கேதான் நிறையப் பேர் இரண்டு விசயத்தை ஒன்றாக்கிவிடுகிறார்கள். போர்ட்டில் வரிசையாக இருக்கிற சின்னச் சுவிச்சுகள் பாரம் கூடினால், அல்லது ஷோர்ட் ஆனால் விழும். 16 அம்பியர் சுவிச் ஒன்று 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 3680 வாட் வரை தாங்கும். எங்கள் 410 வாட் வெறும் 1.8 அம்பியர். ஒரு கேத்தலே அதைப்போல நாலைந்து மடங்கு இழுக்கும். ஆனால் எங்கள் வீட்டில் விழுந்தது அந்தச் சின்னச் சுவிச் இல்லை. T என்று எழுதிய பொத்தானோடு பக்கத்தில் இருக்கிற பெரியது, நாங்கள் ரிப் சுவிச் என்கிறது. அது எத்தனை வாட் என்று பார்ப்பதே இல்லை. போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் ஒத்துவருதா என்று மட்டும் பார்க்கும். எங்கேயோ நிலத்துக்கோ ஆளுடைய உடம்புக்கோ கசிந்தால், அந்தக் கசிவு 30 மில்லி அம்பியருக்குள்ளேயே விழுந்துவிடும். ஆக, பில் ஒரு வழக்கு, ரிப் இன்னொரு வழக்கு. வாட்டை அளந்தது முதல் வழக்குக்கு மட்டும்தான் சாட்சி.

இரண்டாவதுக்கு ஒரு கடுதாசியைப் போர்ட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினோம். எப்ப விழுந்தது, அப்ப என்னென்ன ஓடினது, மழையா வெயிலா. இரண்டு கிழமையில் ஐந்து தரம் விழுந்தது. அதில் இரண்டு தரம் கொம்பியூட்டர் பிளக்கே செருகியிருக்கவில்லை. ஐந்து தரமும் பின்னேரம், தாங்கிக்குத் தண்ணி ஏற்றும் நேரம். ஐந்தில் நாலு தரம் மழை பெய்த நாள்.

இந்தக் கிழமைகளுக்குள் வந்த யோசனைகளில் ஒன்று எங்களைப் பயப்படுத்தியது. தெரிந்த ஒருவர், "ரிப் சுவிச்சை விட்டிட்டு நேரே குடுப்பம், பிறகு விழாது" என்றார். விழாதுதான். கடுதாசியைக் காட்டி, கிணத்தடியைப் பார்க்கும்வரை பொறுக்கச் சொன்னோம். அன்ரியும் சரி என்றா.

வயரிங் செய்பவர் வந்து மோட்டர் வயரைக் கழற்றி மெகரை வைத்துப் பார்த்தார். ஒரு மெகாஓம்கூடக் காட்டவில்லை. கிணத்துக்கட்டுக்குப் பின்னால் இரண்டு வயரை முறுக்கி ரேப் சுற்றிய பழைய மூட்டு, மழைத்தண்ணி ஊறிப் பச்சை பிடித்துக் கிடந்தது. அந்த ஈரச் சீமெந்தில்தான் நாங்கள் வெறுங்காலோடு நின்று குளிப்போம், அன்ரி உடுப்புத் தோய்ப்பா. அந்தச் சுவிச்சை நேரே கொடுத்திருந்தால் அந்தக் கசிவுக்கு வழி யாருடைய காலாகவும் இருந்திருக்கலாம்.

கொம்பியூட்டர் முழுச் சுத்தம் என்றும் சொல்லமாட்டோம். இந்த மாதிரிப் பவர் சப்ளைகள் எல்லாமே, குறைபாடு எதுவும் இல்லாமலே, எர்த் வயருக்கு மிகக் கொஞ்சம் கசியவிடும். தனியாக அது சுவிச்சை விழுத்தாது. ஆனால் ஈர மோட்டர் ஏற்கெனவே எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும்போது, அந்தக் கொஞ்சமும் சேரும். கடைசித் துளியைப் பிடித்து அடிப்பது சுலபம், பானையை நிறைத்தது யார் என்று பார்க்கத்தான் பொறுமை வேணும்.

பில்லிலும் இதே கதைதான். 30 நாளில் கொம்பியூட்டர் 34.6 யூனிட் எடுத்தது. வீட்டின் மொத்தம் 268. எட்டில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே. பிரிட்ஜ் 33 யூனிட். லைற் மின்னுவதை எண்ணிப் பார்த்ததில் எங்கள் நாலு சீலிங் ஃபானும் சேர்ந்து 73 யூனிட். ஒருத்தரும் ஃபானை ஊருக்கு அனுப்பச் சொல்லவில்லை.

180 யூனிட்டுக்கு மேலே போனால் ஆகக்கூடிய விலை. கடைசியாக வந்தது கொம்பியூட்டர், ஆகவே அந்த விலையில் அதைக் கணக்குப் பார்க்கவேணும் என்று மகன் சொன்னார். மீற்றருக்கு யார் முதலில் வந்தது, யார் பிறகு வந்தது என்று தெரியாதே! மொத்தப் பில்லை 268 ஆல் பிரித்து வருகிற சராசரி விலையில் 34.6 யூனிட்டுக்கும் அவன் கட்டுவது என்று பேசி முடித்தோம். அவனும் தன் பங்குக்கு கேமில் பிரேம் எண்ணிக்கையை 60 இல் கட்டிவைத்தான். அவனுடைய மொனிற்றரால் அதுக்கு மேல் காட்டவும் முடியாது. 410 வாட் 290 ஆகியது, விளையாட்டில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

உங்கள் வீட்டிலும் கரண்ட் விழுந்தால் முதலில் எந்தச் சுவிச் விழுந்தது என்று பாருங்கோ. சின்னது என்றால் பாரத்தையும் ஷோர்ட்டையும் தேடுங்கோ, பெரியது என்றால் கசிவைத் தேடுங்கோ. எல்லாப் பிளக்கையும் கழற்றி, சுவிச்சைத் தூக்கி, ஒவ்வொன்றாகச் செருகினால் அநேகமாக ஆள் பிடிபடும். வயரில் கைவைக்கிற வேலையை அதுக்கு உரியவரிடம் விடுங்கோ. T பொத்தானை மாசம் ஒருக்கா அழுத்திப் பாருங்கோ. அழுத்தியும் விழாத ரிப் சுவிச், அடிக்கடி விழுகிறதை விட ஆபத்தானது.