நாலடிக்குக் கீழே

ஸ்காபரோவில் நண்பர் ஒருவர் ஐம்பதுகளில் கட்டிய பங்களோ ஒன்றை வாங்கினார். குடிபோன சில மாதங்களில் பேஸ்மென்ற் சுவரில் படுக்கைவாட்டில் ஒரு வெடிப்பு தெரிந்தது. பார்க்க வந்த நிறுவனத்து ஆள் சுவரை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, மூன்று பக்கமும் வெளியே கிண்டி அடைக்கவேண்டும், குளிர் தொடங்குமுன் கையெழுத்து வைத்தால் விலையில் கழிவு உண்டு என்றாராம். நண்பர் பயந்துபோய் இன்னொருவரைக் கூப்பிட்டார். வந்தவர் வடமராட்சிக்காரர், அறுபது வயதிருக்கும். விலையே சொல்லவில்லை. வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு கீறி, பக்கத்தில் திகதி எழுதி, "மாசியிலை வந்து பாக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வேலை பிடிக்க வந்து பென்சில் கோடு போட்டுவிட்டுப் போகிற மனிதரைப் பார்க்கவேண்டும்போல் இருந்தது. நண்பர் தொலைபேசி இலக்கம் தந்தார். "வாரும் தம்பி, பாதணி மட்டும் நல்லதாப் போட்டுக்கொண்டு வாரும்" என்றார் அண்ணை.

நான் போனது அடுத்த வருடம், ஒரு கார்த்திகை மாதக் காலை. இரண்டு வீடுகளுக்கு நடுவே ஆள் தோளைச் சரித்து நடக்கிற அளவுக்கே இடைவெளி. இயந்திரம் நுழையாது. மண்வெட்டி, அலவாங்கு, வாளி, இவைதான். அண்ணையோடு இன்னும் மூன்று பேர், அதில் ஒருவர் கயானாக்காரர். சுவரோரமாக அத்திவாரத்தின் அடிவரை, ஏழடிக்குக் கிட்ட, கிண்டவேண்டும். முதல் பாதி முடிந்திருந்தது.

கீழே போகுமுன் உள்ளே கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டினார். ஐம்பதுகளில் கட்டிய ஸ்காபரோ வீடுகள் பலவற்றில் அடிச்சுவர் பொள்ளல் சீமெந்துக் கல்லால் கட்டியது. அந்தப் பொள்ளலுக்குள் வருடக்கணக்காகத் தண்ணீர் இறங்கி நிற்கும், வெளியே தெரியாது. சிறிய சுத்தியலால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். மேலே 'டங்' என்று வந்த சத்தம் முழங்கால் மட்டத்துக்கு வர 'தொப்' என்று மாறியது. அந்த இடத்தில் துளையிட்டார். ஒரு கணம் ஒன்றும் வரவில்லை. பிறகு தேயிலைச் சாயம்போன்ற தண்ணீர் விரல் தடிப்பில் ஒழுகத் தொடங்கி, வாளி அரைவாசி நிரம்பும்வரை நிற்கவில்லை.

"குளிர் தனியா ஒண்டும் செய்யாது தம்பி. தண்ணி நிண்டாத்தான் குளிருக்கு வேலை."

தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 வீதம் பெருக்கிறது, அதனால் சுவர் வெடிக்கிறது என்பதுதான் எல்லோரும் சொல்கிற விளக்கம். கல்லுக்குள் அடைபட்ட தண்ணீருக்கு அது சரி. வெளியே மண் செய்கிற வேலை வேறு. தென் கரோலைனாப் பல்கலைக்கழகப் புவியியலாளர் ஸ்டீபன் டேபர் 1929, 1930ஆம் ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளில் ஒரு வேடிக்கையான சோதனையை விவரிக்கிறார். தண்ணீருக்குப் பதில் பென்சீனில் ஊறிய மண்ணை உறையவிட்டார். பென்சீன் உறையும்போது சுருங்குகிற திரவம். ஆனாலும் மண் மேலே எழும்பியது. ஆகவே பெருக்கம் மட்டும் காரணமில்லை. உறைகிற இடம் கீழேயுள்ள ஈரத்தைத் தன்னை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது. இழுபட்டு வந்த தண்ணீர் தகடு தகடாக உறைந்து மண்ணைத் தள்ளுகிறது. நுண்ணிய வண்டல் மண்ணில் இது மோசம். பருமணலில் அவ்வளவு இல்லை.

அண்ணைக்கு டேபரைத் தெரியாது. ஆனால் தகட்டைக் கண்டிருக்கிறார். ஒரு தை மாதம் அவசர வேலையொன்றில் அலவாங்கால் உடைத்தெடுத்த மண்கட்டி, குழலிலிருந்து தள்ளின பிட்டுப்போல இருந்ததாம்: மாவும் தேங்காய்ப்பூவும்போல, மண் ஒரு வரி, ஐஸ் ஒரு வரி.

உறைந்த மண் சுவரைப் பக்கவாட்டில் நெருக்கினால் நண்பர் வீட்டில் கண்ட மாதிரிப் படுக்கை வெடிப்பு வரும். சுவரோடு ஒட்டி உறைந்துவிட்டால் சுவரைக் கவ்விப் பிடித்து மேலே தூக்கவும் செய்யும். சூடாக்காத கராஜ், முன்வாசல் படி, டெக் தூண் எல்லாம் அப்படித்தான் மாசியில் எழும்பி, வைகாசியில் கோணலாக இறங்குகின்றன. ஆளில்லாமல் ஹீற்றரை நிறுத்திவைத்த வீடு இன்னும் கெதியாகக் கெடும். பேஸ்மென்றிலிருந்து கசிகிற சூடுதான் அத்திவாரத்து மண்ணை உறையவிடாமல் வைத்திருக்கிறது.

ரொறன்ரோப் பக்கம் உறைபனி இறங்குகிற ஆழம் என்று கட்டடக்காரர் வைத்திருக்கிற கணக்கு 1.2 மீற்றர், அதாவது நாலடி. அத்திவாரம் அதற்குக் கீழே உட்காரவேண்டும்.

கிண்டிய பிறகு சுவரில் பூசுகிற கறுப்புப் பூச்சு, அதன்மேல் அடிக்கிற பிளாஸ்ரிக் விரிப்பு பற்றியெல்லாம் கயானாக்காரர் ஆர்வமாக விளக்கினார். எனக்கு மனம் அதில் நிற்கவில்லை. அண்ணையின் தகப்பன் ஊரில் கிணறு வெட்டியவர் என்பதில் நின்றுவிட்டேன். சுண்ணாம்புக்கல்லை உடைத்துத் தண்ணீரைத் தேடிப் போகிற தொழில். சின்ன வயதில் கயிற்றில் வாளி இழுத்தவர் இவர். 1990இல் கனடா வந்து, முதல் மாரியை ஒரு பேஸ்மென்றில் ஏழு பேரோடு கழித்தார். கட்டிலுக்குப் பின்னாலிருந்த மூலையில் சுவரின் உள்பக்கமே வெள்ளையாக உறைந்திருக்குமாம். "அய்யா தண்ணி காண வெட்டினார். நான் தண்ணியை அனுப்ப வெட்டுறன்" என்று சொல்லிச் சிரித்தார்.

நண்பர் வீட்டுக் கதையின் மிச்சத்தைக் கேட்டேன். மாசியில் போனபோது வெடிப்பு பென்சில் கோட்டைத் தாண்டவில்லை. ஒரு மூலையில் மட்டும் மயிரளவு அகன்றிருந்தது. வெளியே வந்து பார்த்தால் கூரைப் பீலியின் குழாய் அந்த மூலையிலேயே தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. குழாயை ஆறடி தள்ளி நீட்டி, சுவரோரம் மண்ணைச் சரிவாக நிரவி, அந்த மூலையை மட்டும் திருத்தினார்.

"இப்பிடிச் சொன்னால் உங்களுக்கு வேலை எங்காலை அண்ணை?"

"அதுதான் நான் ஆற்றையோ வேலையிலை நிண்டு கிண்டுறன்."

அதுதான் நிலைமை. சுவரைத் தட்டிக் கேட்கத் தெரிந்தவர் குழிக்குள் நிற்கிறார். பயங்காட்டத் தெரிந்தவர் விருந்தினர் அறையில் உட்கார்ந்து கையெழுத்து வாங்குகிறார். நிறுவனம் வீட்டுக்காரரிடம் அடிக்கணக்கில் வாங்கும். அதிலிருந்து விற்றவருக்குக் கொமிஷன். வேலை ஒரு கொந்தராத்துக்காரருக்குப் போகும். அவர் இன்னொருவருக்குக் கொடுப்பார். கடைசியில் மண்வெட்டி பிடித்தவனுக்கு நாட்கூலி, அதுவும் பல வேளை கையில் காசாக, காப்புறுதி இல்லாமல். பிளாஸ்ரிக் விரிப்புக்கு வாழ்நாள் உத்தரவாதம் எழுதிக் கொடுக்கிறார்கள். மண் சரிந்தால், அந்த விரிப்பை அடிக்கிறவனின் வாழ்நாளுக்கு ஒருவரும் எழுதுவதில்லை. இது புதுக்கதையும் அல்ல. 1960 பங்குனியில் இதே நகரத்தில், ஹொக்ஸ் ஹொலோவில், தண்ணீர்க் குழாய்ச் சுரங்கத்துக்குள் ஐந்து இத்தாலியக் குடியேற்றத் தொழிலாளர் செத்துப்போனார்கள். ஒன்ராறியோவின் பாதுகாப்புச் சட்டங்கள் இறுகியது அதற்குப் பிறகுதான்.

அந்தச் சட்டங்களிலும் ஒரு 1.2 மீற்றர் இருக்கிறது. அதைவிட ஆழமான குழிக்குள் ஆள் இறங்குவதானால் இரண்டு பக்கமும் முட்டுக்கொடுக்கவேண்டும், அல்லது மண்ணைச் சரிவாக வெட்டவேண்டும். அடுத்த வீட்டுச் சுவர் இவ்வளவு கிட்ட இருக்கையில் சரிவுக்கு இடமேது? முட்டுப் பலகைதான் வழி. அதற்கோ செலவு, அரைநாள் நேரம்.

மத்தியானம் கொந்தராத்துக்காரர் தொலைபேசியில் வந்தார். வெள்ளிக்கிழமை இரவு உறைபனி என்று வானிலை சொல்கிறது, அதற்குள் மண் மூடவேண்டும், பலகைக்குக் காத்திராமல் இறங்கச் சொன்னார். அண்ணை குழிக்கு மேலே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். குழி அப்போது அவருடைய நெஞ்சளவு ஆழம்.

"பலகை வரட்டும், இறங்குறம்" என்றார். மறுபக்கத்தில் குரல் உயர்ந்தது. இவர் அதே வசனத்தை இன்னொருமுறை சொல்லிவிட்டுத் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார். பொடியளைத் தேத்தண்ணி குடிக்கச் சொன்னார்.

பலகை நாலு மணிக்குத்தான் வந்தது.